நுரை வராத பீப்பாய்

எங்கள் வீட்டில் யாரையும் எளிதில் நம்புவதில்லை. இத்தாலியில், பலெர்மோவின் கபோச் சந்தையில் மீன்காரன் இன்று பிடித்த மீன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாலும் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். நான் அவருடைய மகள். பூட்டிய கதவை இன்றும் இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டேன். இந்தக் குணம் எனக்கு முற்றியது, நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, மாமா எங்கள் வீட்டுக்குள் பியர்ப் பீப்பாயைக் கொண்டுவந்த வருடத்தில்தான்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கி, ஒரு பாரில் வேலை செய்தார். அங்கே யாரோ சொல்லிக்கொடுக்க, வீட்டிலேயே பியர் காய்ச்சப் பழகினார். தன் கல்யாணப் பதிவு எழுத்தன்று சிநேகிதர்களுக்குத் தன் கைப்பட ஊற்ற வேண்டும் என்பது ஆசை. முதலில் போத்தல்களில் அடைத்தார். அவை குளியலறையில் வெடித்துச் சிதறிய பிறகு சின்னப் பீப்பாய் தேடத் தொடங்கினார்.

தகரப் பீப்பாய் மலிவு, ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்றார். கடைசியில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் பழைய சாமான் விற்பவனிடம், ஒருகாலத்தில் ஆரஞ்சுச் சோடா நிரப்பிய, துருப்பிடிக்காத எவர்சில்வர்ப் பீப்பாய் ஒன்று அகப்பட்டது. என் இடுப்புயரம் இருக்கும். மாமா அதைத் தேங்காய் வாங்குவதுபோல் தட்டினார், வாய் விளிம்பைத் தடவினார், மூக்கை உள்ளே விட்டார். நானும் விட்டேன்.

"மாமா, தோடம்பழம் மணக்குது. உவன் ஏமாத்திறான்."

"அது பழைய றப்பர் வாசர் மணக்குது பிள்ளை. மூடி வாசரை மாத்தினால் சரி."

பியர் காய்ச்சுவது அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. காரணம் அப்பா. முந்திய வருடம் அப்பா குடித்துக் குடித்தே ஓர் இத்தாலிய சிஞ்ஞோராவின் வீட்டில் பார்த்த வேலையைத் தொலைத்திருந்தார். அம்மா அவரைப் பெல்லெகிரீனோ மலையிலிருக்கும் கத்தோலிக்கப் புனிதையின் குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் சைவம்தான், ஆனால் பலெர்மோத் தமிழர் எந்தச் சமயமானாலும் அந்தப் புனிதையிடம்தான் நேர்த்தி வைப்பார்கள். ஒரு வருடம் தொடமாட்டேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். அது தவறினால் என்னையும் கூட்டிக்கொண்டு பிரான்சிலிருக்கும் பெரியம்மாவிடம் போய்விடுவேன் என்று அம்மா எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். மாமாவின் எழுத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நேர்த்தி முடிக்க நாங்கள் மலையேறுவதாக இருந்தது.

மாமா கழுவிய பீப்பாயை நம்பாமல் அம்மா அதை இன்னொரு தரம் கழுவினார். புது வாசரையும் கழற்றிக் கழுவிப் போட்டார். பிறகு மாமா பியரை நிரப்பிக் காஸ் ஏற்றி, பல்கனியிலிருந்த பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்.

எழுத்துக்கு முந்திய வாரம் ஒரு கிளாஸ் ஊற்றிப் பார்த்தார். நுரை எழுந்த வேகத்தில் அடங்கி, தேத்தண்ணிபோல் கிடந்தது. மாமாவின் முகம் செத்துவிட்டது. காஸ் ஒழுகுகிறதோ என்று பொருத்துகளில் எல்லாம் சவர்க்காரத் தண்ணி பூசினார். எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒன்றும் வரவில்லை.

"ஆரோ எடுத்துப்போட்டுத் தண்ணி விட்டிருக்கினம்," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி.

குரலைத் தாழ்த்தி என்ன பயன்? அப்பா பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்தார்.

"சத்தியமா நான் தொடேல்லை," என்றார் அப்பா.

"அப்ப ஏன் எந்த நேரமும் ஏலக்காய் சப்பிறியள்?"

அப்பா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். குடியை விட்ட நாளிலிருந்து அவர் சட்டைப்பையில் ஏலக்காய் இருந்தது. அதுவரை அது எங்களுக்கு வெறும் ஏலக்காய்தான், இப்போது குடிவாடையை மறைக்கும் தந்திரமாகிவிட்டது.

அன்றிலிருந்து அப்பா புது வேலையால் வந்ததும் மடியில் ஏறி வாயை மணந்து பார்க்க அம்மா என்னை அனுப்பினார். எனக்கு அது பெரிய பதவி. இரண்டொரு நாளில் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. நான் கிட்டப் போனதும் தானாகவே வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதினார். கண் கலங்கியிருந்தது, வெங்காயமாக்கும் என்று நினைத்தேன். ஏலக்காய் மட்டும்தான் மணக்கிறது என்று போய்ச் சொன்னேன்.

"அதுதான் எனக்குச் சந்தேகம்," என்றார் அம்மா. அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸ் கீழே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

எழுத்துக்கு முதல் நாள் பின்னேரம் மாமா மனம் ஆறாமல் பீப்பாயை வெறுமையாக்கி, மூடியைத் திறந்து, வாசரைக் கழற்றி மூக்கில் வைத்தார்.

"அக்கா, இதுக்கு ஆர் நல்லெண்ணெய் பூசினது?"

"நான்தான்," என்றார் அம்மா. "குக்கர் வாசருக்கும் பூசுறனான்தானே. காஸ் போகாமல் இருக்கட்டுமெண்டு கொஞ்சம் கூடவே பூசினனான்."

மாமா நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "எண்ணெய் பட்டால் பியரிலை நுரை நிக்காதக்கா. ஒருத்தரும் தண்ணி விடேல்லை."

அம்மா அந்த வாசரைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். பல்கனியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவர் திரும்பாமல் மடித்துக்கொண்டே இருந்தார். அம்மா மன்னிப்புக் கேட்பார், அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கதிரையில் ஏறி, சூட்கேஸை மேலே வைத்தார். எழுத்துக்குக் கடையில் வாங்கிய பியர்தான்.

ஞாயிறு காலை மலையடிவாரத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கல் பாவிய பாதையில் வெறுங்காலோடு ஏறத் தொடங்கினார். நேர்த்தி வைத்தவர் அப்பா. அவரோ சப்பாத்துப் போட்டிருந்தார். அப்பா சற்று நேரம் அம்மாவின் பாதங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தச் செருப்புகளை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"அம்மா, வார் அறுந்துபோச்சோ?"

அம்மா ஏறிக்கொண்டே இருந்தார். நானா விடுவேன்? வளைவு ஒன்றில் அப்பாவின் கையிலிருந்து செருப்புகளை வாங்கி வார்களை இழுத்துப் பார்த்தேன். இரண்டும் உறுதியாக இருந்தன. புதுச் செருப்புக் கடிக்கிறது, வெட்கத்தில் அம்மா மறைக்கிறார் என்று முடிவு கட்டி, அதை அப்பாவின் காதில் இரகசியமாகச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, அப்பிடித்தான் இருக்கும்," என்றார் அப்பா.