ஒரு பெட்டிக்கு எத்தனை வாய்?

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் நானும் என் மனைவியும் சாயங்காலக் கடை போடுகிறோம். ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ், முட்டை. நாற்காலி கிடையாது, முக்கால்வாசி பார்சல்தான். மலைக்குப் போகிற பஸ் கிளம்புவதற்குள் பொட்டலம் கைக்கு வர வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள்.

எங்களுக்குத் தினமும் போணி செய்பவர் ஒரு டவுன் பஸ் டிரைவர். அவர் கை ராசியானது என்று மனைவி நம்புகிறாள். நான் நம்புவதில்லை. ஆனாலும் அவர் வரும்வரை வேறு யாருக்கும் முதல் பொட்டலத்தை மடிக்க மாட்டேன்.

எதிரே புதுக்கடை ஒன்று வந்தது. பளபளப்பான அட்டைப் பெட்டியில் பார்சல், பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்த சத்துக் கணக்கு. ஒரு நாள் எங்கள் டிரைவர் அந்தப் பக்கம் போய்விட்டார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாள் நான் கரண்டியோடு நடுரோட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"டாக்டரு எண்ணெய கம்மி பண்ணச் சொல்லிட்டாருபா. ஒடம்புல கொழுப்பு ஜாஸ்தியாம். அங்க பொட்டியிலயே எழுதிக்கீறான், ஒம்பது கிராம்னு. நீ இன்னா எழுதிக்கீற?" என்றார்.

என் பார்சல் பேப்பரில் நேற்றைய மழைச் செய்திதான் எழுதியிருந்தது.

எட்டாவது படிக்கும் மகளிடம் சொன்னேன். நாமும் எழுதுவோம் என்றாள். எழுதுவதற்கு முன் அளக்க வேண்டுமே. நான் வாணலியில் ஊற்றப்போன எண்ணெயை டம்ளரில் பிடித்து, இருமல் மருந்து மூடியால் அளந்து பார்த்தாள். ஒரு தட்டுக்கு ஆறு ஸ்பூன்! என் கை இவ்வளவு தாராளம் என்று எனக்கே தெரியாது. வீட்டுச் செலவுக்குக் கேட்கும்போது இந்தத் தாராளம் எங்கே போகிறது என்றாள் மனைவி. இதை எழுதி மாட்டினால் கடைக்கு ஈதான் வரும் என்றும் சொன்னாள்.

மகள் எதிர்க்கடைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து படித்தாள். கொழுப்பு ஒன்பது கிராம் என்று இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு மேலே 'ஒரு பரிமாறலுக்கு' என்றும், அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி 'இப்பெட்டியில் மூன்று பரிமாறல்கள்' என்றும் இருந்தது. ஒன்பது கிராம் என்றால் இரண்டு ஸ்பூன் எண்ணெய். முழுப் பெட்டியும் சாப்பிட்டால் ஆறு. அந்த வாணலியும் எங்கள் வாணலியும் அண்ணன் தம்பிதான்.

மனைவி முகம் மலர்ந்தது. நாமும் மூன்றாகப் பிரித்து எழுதலாமே, பொய்யில்லையே என்றாள். எனக்கும் ஆசைதான். மகள் பெட்டியோடு சாலையைக் கடந்துபோய், அங்கே வரிசையில் நின்ற டிரைவரிடம் கேட்டாள்:

"மாமா, இந்தப் பொட்டிய யாராரு பங்கு போட்டுக்கிறீங்க?"

"பங்கா? மூடியில ஒட்டிக்கினு இருக்கிறதையே வழிச்சித் துன்றவன் நானு."

அவள் அந்த அடிவரியை விரலால் காட்டினாள். அவர் பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார், தூரப் பிடித்தார். வயிற்றைத் தடவிக்கொண்டு, "அப்ப நான் ஒருத்தனே மூணு பேரா?" என்றார்.

மறுநாள் எங்கள் கடையில் பலகை ஏறியது. 'முட்டை ஃபிரைட் ரைஸ், ஒரு தட்டு. எண்ணெய் ஆறு ஸ்பூன். இதை ஒரே ஆள்தான் சாப்பிடுவார்.' சிலர் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். சிலர் யோசனையோடு வெறுங்கையாக பஸ் ஏறினார்கள். ஒருவர், ஆறு ஸ்பூனும் தனக்குக் குறையாமல் விழுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தார்.

டிரைவர் வந்தார், படித்தார், ஒரே ஸ்பூனில் செய்து தரச் சொன்னார். செய்தேன். சோறு வாணலியைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. சுரண்டினால் பாதி கருகல். வாய்ப்பேச்சில் அதை விற்றிருக்கலாம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாணாம்ணே. கம்மி எண்ணெயில எனக்கு ஒழுங்கா வர்ல" என்றேன்.

அவர் பார்வை அடுப்போரம் அவித்து வைத்திருந்த முட்டைகள் மேல் போனது. அதில் எவ்வளவு எண்ணெய் என்று கேட்டார். தண்ணீரில்தானே வேகிறது என்றேன்.

"அப்ப ரெண்டு உரிச்சிக் குடு."

மகள் உடனே பலகையில் ஒரு வரி சேர்த்தாள். 'அவித்த முட்டை. எண்ணெய் இல்லை. மஞ்சள் கருவில் கொஞ்சம் கொழுப்பு உண்டு.' இதையும் எழுத வேண்டுமா என்று மனைவி தலையில் கைவைத்தாள்.

இப்போதும் போணி அவர்தான். நான் முட்டை உரித்து முடிக்கும்வரை வாணலியையே பார்த்துக்கொண்டு நிற்பார். வாசம் அவர் பக்கம் போகாதபடி நான் கொஞ்சம் மறைத்து நின்றுகொள்வேன்.