எட்டு கேன் தண்ணீர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுத உட்கார்ந்ததே தப்பாக இருக்கலாம். எடுத்துக்கொண்ட விஷயமும் நாலு பேர் முன்னால் பேசக்கூடியது அல்ல. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்றாறில் டாலஸில் இருந்தோம். மனைவி நர்ஸ். எனக்கு ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்து அடுக்கும் வேலை. மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் எஞ்சினியர். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பூர்வகுடிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டிவிட்டுப் போன கல்வீடுகளைப் பார்க்க வேண்டும் என்பது, அமெரிக்கா வந்த நாள்முதல் அவனுக்கு ஆசை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும் அவனும் அவன் மனைவியும் நாங்களும் கிளம்பினோம்.

"அங்க குழாய் கிடையாது அத்தான். எல்லாம் பேப்பர்தான். கேம்பிங்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை மாலை கூடாரம் போட்டோம். ஒரு காலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர், பிடிக்கும் கேன்கள் எட்டு, தண்ணீரோடு மேஜைக்கடியில் வரிசையாக நின்றன. சற்றுத் தள்ளி ஒரு மர அறை. அதுதான் கழிப்பறை.

சனிக்கிழமை காலை தொப்பி போட்டுக்கொண்டு வந்த மச்சினன் கேன்களைத் தூக்கிப் பார்த்தான். ஒன்று முழுசாக இருந்தது. இன்னொன்றில் பாதி. மற்றதெல்லாம் காலி. காரை நிறுத்தும் இடத்திலிருந்து கல்வீடுகளுக்கு நாலு மைல் நடக்க வேண்டும். தலைக்கு ஒரு காலன் தண்ணீர் இல்லாமல் அங்கே நிற்கும் காவலர் விடமாட்டார், பத்து மணிக்கு மேல் யாரையுமே விடமாட்டார். கடையோ தொண்ணூறு மைல்.

"சமையலுக்கு ஒண்ணு, குடிக்க ஒண்ணு. மிச்சம் எங்க போச்சு? நரி கிரி வந்துச்சா?"

"ஆமா, நரி மூடியத் திறந்து குடிச்சிட்டுத் திரும்ப மூடி வச்சிட்டுப் போச்சாக்கும்" என்றாள் என் மனைவி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும்க்கா, வீட்டுக்குப் போலாம்" என்று கூடாரத்து முளையைப் பிடுங்க ஆரம்பித்தான்.

எனக்குச் சபையில் பேச வராது. ஆனாலும் அவன் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தான் மாப்ள. பேப்பர்ல தொடைக்கிறது நமக்கு ஒத்து வரல. நேத்து அரை கேன், காலைல அரை."

"அய்ய!" என்றாள் மனைவி. மச்சினன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும்தாண்ணே. மூணு பாட்டில், அரை கேன் இருக்கும்" என்றாள்.

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறீங்க? நான் நர்ஸு. சுத்தம் வேண்டாமா? ஒரு கேன்."

மூன்று பேர் சொன்னதைக் கூட்டியும் இரண்டு கேன் இடித்தது. மச்சினன் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எத்தனைடா?"

"ரெண்டு" என்றான். "கேன்ல ஊத்தினா கண்ட்ரோல் ஆகலக்கா."

சிரித்து ஓய்ந்தபின் முழுக் கேனை அவனிடம் கொடுத்தோம். ஒரு காலன், ஒரு ஆள்.

"நீங்கள்லாம் இல்லாம எப்படி…" என்று இழுத்தான்.

"பாக்கணும்னு பறந்தவன் நீதானே. போடா" என்று அக்காதான் காருக்குள் தள்ளினாள்.

ஐஸ் பெட்டியில் ஜூஸ் இருந்ததால் எங்களுக்கு உயிர்ப்பயம் இல்லை. மர அறைப் பக்கம் மட்டும் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

மூன்று மணிக்கு முகம் கன்றித் திரும்பினான். "சுவரு அப்படியே நிக்குது அத்தான். மண்ணு பூசினவங்க விரல் பதிஞ்சது கூட அழியல. தொடக்கூடாது, பக்கத்துல என் கையை வச்சுப் பாத்தேன். எல்லாம் சின்னச் சின்ன விரலு…"

அவன் மனைவி அவன் கையிலிருந்த கேனை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மர அறையை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலை கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பினோம். டாலஸ் வந்து சேர இரவு எட்டு மணி ஆயிற்று.