தெருக்குத்து வீடு

எங்கள் வீடு எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்ததற்குக் காரணம் அதிர்ஷ்டமும் இல்லை, யாருடைய நல்ல மனதும் இல்லை. தெருக்குத்துதான் காரணம். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் பஸ் போகும் சாலையிலிருந்து பிரிந்து வரும் தெரு நேராக வந்து எங்கள் வாசலில் முட்டி, அங்கே இடமும் வலமுமாகப் பிரிகிறது. தெரு குத்துகிற வீட்டில் குடியிருந்தால் குடும்பம் விளங்காது, ஆண்பிள்ளைக்கு ஆகாது, கையில் காசு நிற்காது என்று இந்த ஊரில் படித்தவர்களும் சொல்வார்கள். அப்படிச் சொன்ன அத்தனை பேருக்கும் வீடு வாங்கிய அன்றைக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். அவர்கள் பயந்ததால்தான் அந்த வீடு எங்களுக்கு மிச்சமிருந்தது.

எங்களுக்கு வீடு என்றால் முதலில் கேட்தான். என் வீட்டுக்காரர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். ஊரே குட்டியானை என்று கூப்பிடும் வண்டி. விடியற்காலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை ஏற்றி ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவார். பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒருவர் இறங்கி நிற்க வேண்டும். வண்டியை எங்கேயோ மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வருவார். இரண்டு முறை பேட்டரி போனது. ஒரு முறை தார்ப்பாய் போனது. இன்னொரு முறை டீசலை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் அலமாரி வேண்டாம், மாடி வேண்டாம், ஒரே ஒரு படுக்கையறை போதும், ஆனால் வண்டி உள்ளே வருகிற மாதிரி ஒரு கேட் வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

அந்தக் கேட்டைத் தேடி மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அலைந்தோம். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மனை, எங்கே பார்த்தாலும் கொடி, சென்னைக்கு ஒரு மணி நேரம்தான் என்று போர்டு. சென்னைக்கு ஒரு மணி நேரம் என்றால் காஞ்சிபுரத்தில் இருக்கிறவனுக்கு என்ன? அந்த மனைகளை வாங்கியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை காரில் வந்து, நாலு மூலைக் கல்லும் நட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோயிலுக்கும் பட்டுக்கடைக்கும் போய்விட்டுத் திரும்புகிறார்கள். மனையில் முள்செடி வளர்கிறது. நான் மருந்துக் கடையில் பத்து மணி நேரம் நின்று இந்த ஊரின் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். இவர் கொண்டுவரும் காயில்தான் இந்த ஊர் ஓட்டல்களில் சாம்பார் கொதிக்கிறது. எங்களைப் பார்த்து ஒரு மனை ஆபீசில், "உங்க பட்ஜெட்டுக்கு தென்னேரி பக்கம் பாருங்கம்மா, காத்தோட்டமா இருக்கும்" என்றான். எங்கள் தொழிலைக் கேட்பதற்கு முன்னால் ஜூஸ் கொடுத்தவன், கேட்ட பிறகு உட்காரக்கூடச் சொல்லவில்லை. தென்னேரியிலிருந்து இவர் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு மார்க்கெட்டுக்கு வருவார் என்று அவனிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. இவர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைசியில் ஒரு தரகர் இந்த வீட்டைக் காட்டினார். கட்டி முடித்து இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கவாட்டில் வண்டி நிற்க நீளமாக இடம், முன்னால் பத்தடி அகலத்துக்கு இரும்பு கேட். நான் வீட்டுக்குள் போகவே இல்லை. கேட்டைத் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரகர் ஒளிக்காமல் சொன்னார். "தெருக்குத்துமா. அதான் வெல கம்மி. ஒரு புள்ளையாரை வெச்சிட்டீங்கன்னா எல்லாம் சரியா பூடும்."

கடன் கிடைத்தது, பத்திரம் பதிந்தோம், சாவி கைக்கு வந்தது. எனக்குத் தெருக்குத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. இவருக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் பயம் இருந்தது. பிள்ளையார் ஒன்று மட்டும் வைத்துவிடலாம், மற்றபடி எதற்கும் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்றார். வருகிற தெருவைப் பார்த்தபடி சாமி உட்கார வேண்டும் என்பது இங்கே வழக்கம். கேட் தூணை ஒட்டி, எங்கள் காம்பவுண்டுச் சுவரில், வெளிப்பக்கமாக ஒரு முழ உயரத்துக்குக் கொத்தனார் மாடம் வைத்தார். ஒரு சாண் உயரக் கருங்கல் பிள்ளையாரை நான்தான் கடையில் பார்த்து எடுத்தேன். முகம் லட்சணமாக இருந்தது. மாடத்துக்கு டைல்ஸ் ஒட்டச் சொன்னதும், அழகாக ஒரு வளைவு வைக்கச் சொன்னதும் நானே. யாரையும் குறை சொல்வதற்கு முன்னால் இதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் பேர் போன ஊரில் பிறந்து வளர்ந்தவள், ஒரு பிள்ளையாரைத் தெருவைப் பார்த்து உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு செம்பருத்திப் பூ வந்தது. கம்பெனி பஸ்ஸுக்காகக் காலையில் ஓடும் பெண்கள் ஒரு நிமிஷம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை நான் சுண்டல் செய்து வைத்தால் மாலைக்குள் கிண்ணம் காலியாகிவிடும். அப்புறம் ஒருநாள் வேகமாக வந்த பைக் ஒன்று திருப்பத்தில் வழுக்கி, எங்கள் மாடத்துக்கு ஓரடி முன்னால் வந்து விழுந்தது. ஓட்டியவன் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். திருப்பத்தில் மணல் கிடந்தது, அவன் ஹெல்மெட் போட்டிருந்தான். அதையெல்லாம் யாரும் பேசவில்லை. சக்தியுள்ள பிள்ளையார் என்று ஒரே வாரத்தில் பேர் பரவிவிட்டது.

அதற்குப் பிறகு உபயங்கள் வரத் தொடங்கின. ஒருவர் தகரக் கூரை போட்டு அதில் உபயம் என்று தன் பேரை எழுதினார். ஒருவர் இரும்புக் கதவு வைத்து அதில் எழுதினார். ஒரு டியூப் லைட் வந்தது. முழு லைட்டிலும் உபயதாரர் குடும்பத்துப் பேர்களை எழுதியதில் வெளிச்சம் வரக் கொஞ்சம்தான் இடம் இருந்தது. அதற்குக் கரண்ட் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து. யாரைக் கேட்டு இழுத்தீர்கள் என்று கேட்டதற்கு, சாமிக்குத்தானேமா என்று பதில் வந்தது. பிறகு பூட்டுப் போட்ட உண்டியல் வந்தது. சாவி எங்களிடம் இல்லை. இந்த மனைகளிலெல்லாம் வேர்க்கடலை விளைந்த காலத்தில் அவற்றுக்குச் சொந்தமாக இருந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர், இப்போது கவுன்சிலருக்கு நிற்க ஆசைப்படுகிறவர், அந்தச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஒரு கமிட்டியும் அவர் தலைமையில் உண்டாகிவிட்டது. அவர் ஒருநாளும் என்னிடம் மரியாதை குறைவாகப் பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சங்கடஹர சதுர்த்தி மாலைகளில் எங்கள் கேட்டுக்கு முன்னால் செருப்புகள் குவிந்து கிடக்கும். வண்டி லோடோடு வந்து தெருவில் நிற்கும். ஒருநாள் நான் செருப்புகளைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். சாமி கும்பிட வந்தவர்களை விரட்டுகிறாளே என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். விநாயகர் சதுர்த்திக்குக் கேட்டை அடைத்துப் பந்தல் போட்டார்கள். மூன்று நாள் வண்டி உள்ளேயே நின்றது. ஓட்டல்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் இன்றுவரை திரும்பி வரவில்லை. எங்கள் பிள்ளையார், எங்கள் சுவர், எங்கள் கரண்ட், நாங்கள் மட்டும் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒரு தட்டில் கொழுக்கட்டை கொண்டுவந்து பிரசாதம் என்று நீட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

தை மாதத்தில் கமிட்டியிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் பொறுமையாக விளக்கினார். சாமி சுவரில் உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லை, சின்னதாக ஒரு கருவறையும் விமானமும் கட்டப்போகிறோம், தெருவில் இடம் எடுத்தால் பிரச்சினை வரும், அதனால் உங்கள் காம்பவுண்டுக்குள் நாலடி விட்டுக்கொடுங்கள் என்றார். கேட்டில் பாதி போய்விடுமே, வண்டி எப்படி வரும் என்று கேட்டேன். சின்ன கேட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், வண்டியை மெயின் ரோட்டில் விடலாமே, எத்தனையோ பேர் விடுகிறார்களே என்றார். என் வீட்டுக்காரர் முடியாது என்று சொல்லவில்லை. காபி கொண்டுவரச் சொன்னார். காபியைக் குடித்தவர்கள், காரியம் முடிந்தது என்றே எழுந்து போனார்கள்.

அன்று நான் போட்ட சண்டை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். இந்தக் கேட்டுக்காக மூன்று வருஷம் நாயாக அலைந்தோம், இருபது வருஷம் கடன் கட்டப்போகிறோம், உங்களுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாமி விஷயம். நாளைக்கு இந்த ஊர்ல வண்டி ஓட்டணும். எல்லாரும் நம்மளத்தான் பேசுவாங்க."

நான் தனியாகவே மாநகராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் படித்தார். சிலையை வைத்தது யார் என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். அவர் சிரித்தே விட்டார். வைத்தது நீங்கள், எடுக்கச் சொல்வது எங்களையா என்று கேட்டு, மனுவை என் பக்கமே தள்ளினார். சாமியை எடுக்கச் சொல்லவில்லை, என் வாசலைத்தான் கேட்கிறேன் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு, இங்க பாருப்பா, என்று என் கதையை அவருக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மனுவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பூமி பூஜைக்கு நாள் குறித்ததைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெருவிளக்குக் கம்பங்களில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அன்று காலை ஆறு மணிக்கு நான் கோலம் போட வந்தபோது வாசல் முழுக்கக் கூட்டம். ஐயர் செங்கற்களுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கோடு கேட்டின் நடுவிலிருந்து எங்கள் சுவருக்குள்ளே போனது. இரண்டு பேர் கடப்பாரையோடு நின்றார்கள்.

அப்போதுதான் முதல் நடையை முடித்துவிட்டு வண்டி வந்தது. இவர் வழக்கம் போலப் பின்பக்கமாக உள்ளே விட்டார். வண்டி பாதி கேட்டுக்குள் போனதும் நிறுத்திவிட்டார். கூட்டத்தால் அல்ல. தூணில் சாய்த்து வைத்திருந்த ஒரு பளிங்குக் கல்லை அவர் பார்த்துவிட்டார். இறங்கி வந்து அதன் முன் நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். தங்க நிற எழுத்தில் கமிட்டிக்காரர்கள் பேர் வரிசையாக இருந்தது. கடைசியில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதற்கு மேலே, இடம் உபயம் என்று வெட்டியிருந்தார்கள்.

பெரியவர் பக்கத்தில் வந்து, திருப்திதானேமா, முதல் கல்வெட்டிலேயே உங்க பேர் வந்துட்டுது என்றார்.

"நாங்க குடுக்கல. நீங்க எடுத்துக்கினீங்க," என்றேன். "கல்லுல அத எழுதுங்க."

மந்திரம் நின்றுவிட்டது. பெரியவர் என்னிடம் பேசவில்லை. இவரிடம் திரும்பினார். அவர் குரலில் அப்போதும் கோபம் இல்லை. "நல்ல நேரம் முடியப் போவுது தம்பி. வண்டிய எடுத்துக்கினு போய் மெயின் ரோட்டுல போட்டுட்டு வா. கடைக்கால் தோண்டணும்."

என் வீட்டுக்காரரை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவரில்லை. பேட்டரி திருட வந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தபோதும் புத்தி சொல்லி அனுப்பியவர். இப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"சாவி அவகிட்ட இருக்குதுண்ணே."

வண்டிச் சாவி இவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு வெளியே தொங்கியது. ஐயர் பார்த்தார், கடப்பாரைக்காரர்கள் பார்த்தார்கள், பெரியவரும் பார்த்தார். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"குடுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.