மைதிலிக்குத் தமிழ் கொடுத்த வருஷம்

அந்தப் புத்தகங்களில் கப்பல் வாசனை அடித்தது. கப்பலை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மண்ணெண்ணெயும் உப்பும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு நெடி தாளைப் புரட்டும்போதெல்லாம் மூக்கில் ஏறியதால், கப்பல் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டேன். செங்கல் போலக் கனத்த மூன்று படக்கதைப் புத்தகங்கள். சில பக்கங்கள் சிவப்பு மையில், சில ஊதா மையில். மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்த என் தாய்மாமா, ஜப்பான் கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்டவை என்று சொல்லி, நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொள்ளக் கொண்டுவந்து கொடுத்தார். எழுபதுகளின் கடைசியில், நான் திருத்தணியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது.

அதுவரை நாங்கள் நகரிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம்; நான் தெலுங்குப் பள்ளியில் படித்தேன். நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், திருத்தணியிலிருந்து கிளம்பும் ஒரு பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்ததும் மலையடிவாரத்தில் வீடு பிடித்துக் குடிவந்தோம். எனக்குத் தமிழ் காதுக்குப் பழக்கம், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும், வாய்தான் வசப்படவில்லை. முதல் வாரம் கணக்கு டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டபோது, பதற்றத்தில் "நாக்கு தெலீது டீச்சர்" என்றுவிட்டேன். எனக்குத் தெரியாது என்பதற்குத் தெலுங்கு அது. வகுப்புக்குக் கேட்டதோ நாக்கு மட்டும்தான். அன்றிலிருந்து என் பெயர் "நாக்கு". முதல் பெஞ்சு வனஜா வைத்த பெயர். "நாக்கு வந்துகினு இருக்குது, வழி உடுங்கடி" என்பாள். நான் வாய் திறப்பதையே விட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குச்சட்டியோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அட்டைக்காக முதல் புத்தகத்தை வெட்டப் போன அன்று ஒரு படம் என்னைத் தடுத்தது. சீருடை அணிந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. எழுத்து புரியாதது போகட்டும், படமே புரியவில்லை. அவள் அழுதுவிட்டுப் பிறகு அடிவாங்கினாள். உடைந்து கிடந்த ஜன்னல் கண்ணாடி அடுத்த பக்கத்தில் முழுசாக இருந்தது. இரண்டு நாள் குழம்பிய பிறகு புத்தகத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து, வலப்பக்கத்துக் கட்டத்தில் தொடங்கிப் பார்த்தேன். கண்ணாடி உடைந்தது, அடி விழுந்தது, அவள் அழுதாள். யாரும் சொல்லித்தராமல் நானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அதுதான். இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கடலோர ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த பெண் அவள். யாரும் அவளோடு பேசுவதில்லை. வேகமாக ஓடுவாள், அதற்கும் சிரித்தார்கள். நான் அவளுக்கு மைதிலி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த பிறகு அவள் பேசாமல் இருப்பது பொறுக்கவில்லை. நோட்டுத் தாளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மைதாப் பசை தடவி, பேச்சு அச்சாகியிருந்த வெள்ளை வட்டங்களின் மேல் ஒட்டி, அவளுக்குத் தமிழ் எழுத ஆரம்பித்தேன். அந்தத் தமிழை எங்கிருந்து எடுப்பது? குழாயடியில் குடம் வைத்துவிட்டு நிற்கும்போதும், பஸ் ஸ்டாண்டில் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதும், மலைக்குப் போகிறவர்களிடம் பூ விற்கும் பெண்கள் சண்டை போடும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருவேன். ஆகவே ஜப்பான் மைதிலி அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சுதான் பேசினாள்.

ஒருநாள் என் பையிலிருந்து புத்தகத்தை வனஜா உருவிவிட்டாள். பெஞ்சின் மேல் ஏறி நின்று, என் தெலுங்கு இழுப்பிலேயே உரக்கப் படித்தாள். "நான் பேசனா சிரிக்கிறாங்க. பேசலன்னா திமிருன்றாங்க. அப்ப நான் இன்னாதான் பண்றது?" முதல் வரிக்கு வகுப்பு சிரித்தது. மூன்றாவது வரியில் வனஜாவின் குரல் இறங்கிவிட்டது. இறங்கி உட்கார்ந்து மனதுக்குள் படித்தாள். மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்தாள்.

"இது நீயா எழுதின?"

"ஆங்."

"மிச்சம் குடு."

மூன்று புத்தகமும் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றின. ஒரு பாட வேளையில் வனஜா மடியில் வைத்துப் படித்தபோது டீச்சர் பிடித்துவிட்டார். புத்தகங்கள் பெரிய டீச்சரிடம் போயின. பையனும் பெண்ணும் கைகோத்து நிற்கும் பக்கம்தான் அவர் கண்ணில் முதலில் பட்டது. அப்பாவை அழைத்து வா, டி.சி. வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார். அம்மா ஏற்கெனவே, வயதுக்கு வந்த பெண்ணுக்கு இந்தப் படிப்பு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். டி.சி. வாங்கினால் படிப்பு அதோடு முடிந்தது.

நைனா காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். கூப்பிடாமலே வனஜாவும் உள்ளே வந்தாள். "நான்தான் டீச்சர் கேட்டு வாங்கிப் படிச்சேன். அவ மேல தப்பு இல்ல." பெரிய டீச்சர் அவளை முறைத்தார். அவள் நகரவில்லை.

நைனா புத்தகத்தைப் புரட்டினார். "எனக்குத் தெலுங்கு எழுத்துதாங்க தெரியும். இதுல இன்னா எழுதிகீதுன்னு தெரியாம நான் இன்னா சொல்றது? பொண்ணே படிக்கட்டுங்க. தப்பா இருந்தா இப்பவே இட்டுகினு போயிடறேன்."

படித்தேன். அந்தப் பள்ளியில் நான் உரக்கத் தமிழ் பேசிய முதல் தடவை அது. ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. மைதிலி பந்தயத்தில் ஓடும் இடம் வந்தபோது நடுக்கம் போன இடம் தெரியவில்லை. கைகோத்த பக்கத்தையும் விடாமல் படித்தேன். மழையில் வழுக்கிய அவளை அந்தப் பையன் பிடித்து நிறுத்துகிறான், அவ்வளவுதான். மூன்றாம் புத்தகத்தின் முடிவில் மைதிலி பெட்டியோடு ஸ்டேஷனில் நிற்கிறாள், ரயில் வருகிறது. நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார் பெரிய டீச்சர்.

"தெரியாது டீச்சர். அடுத்த புக்கு கெடைக்கல."

அவர் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். டி.சி. பேச்சை எடுக்கவில்லை. "மீதிய நீயே எழுது. கிளாஸ்ல மட்டும் படிக்கக் கூடாது" என்றார். வெளியே வந்ததும் நைனா என் தலையில் கை வைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். ஆனால் அன்று அவர் பஸ்ஸில் ஏறிய தெரிந்தவர்கள் எல்லோருக்கும், தன் மகள் ஜப்பான் பாஷையைத் தமிழாக்கியது தெரிந்துவிட்டது. எனக்கு ஜப்பான் பாஷையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

நாற்பது பக்க நோட்டில் முழுக் கதையையும் ஞாபகத்திலிருந்து எழுதினேன். ரயில் ஏறுவதா வேண்டாமா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஏறட்டும் என்று வனஜா பிடிவாதம் பிடித்தாள். நைனாவும் அவள் கட்சி. "போவட்டும். எறங்குற எடத்துலயும் ஜனங்கதான இருக்கப் போறாங்க" என்றார். நான் ஏற்றவில்லை. என் மைதிலி ரயிலை விட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்குப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதி வகுப்பு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் எழுதிய ஒன்றுக்காகக் கோபித்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளியின் அந்தக் கட்டிடம் இன்று இல்லை; பீரோ எங்கே போனதோ, புத்தகங்களும் போயின. நைனாவும் இல்லை. நோட்டு அடுத்த பிரிவுக்குப் போய், அங்கிருந்து ஆர்.கே.பேட்டையில் யாருடைய அக்காவிடமோ போய், திரும்பவே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் அரக்கோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரப் பெண்மணி நான் படித்த பள்ளியைக் கேட்டதும், "உங்க ஸ்கூல் பக்கம் மைதிலி கதைன்னு ஒரு நோட்டு சுத்திகினு இருந்திச்சே, படிச்சிருக்கீங்களா?" என்றார். கேட்டதில்லை என்றேன். பாயசம் வரும்வரை சொன்னார். அவர் கதையில் மைதிலி ரயில் ஏறிப் போய்விட்டாள். யாரோ என் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறார்கள், நன்றாகவே எழுதியிருந்தார்கள். எழுதத் தொடங்கியவள் நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இலையில் சோறு ஆறிப்போக, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.