கொட்வினுக்கு வந்த இரண்டு லொறிகள்

லண்டன் வால்தம்ஸ்டோவிலிருந்து நிலாவுக்கு ஒரு தார் றோட்டுப் போட்டால், நாற்பது தொன் லொறியை முழுத்தூரமும் ரிவேர்சிலேயே ஓட்டி, வழியில் ஒரு நட்சத்திரத்தைக்கூட உரசாமல் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய மனிதர் இந்த அண்டசராசரத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் கொட்வின். அங்கே நிறுத்தப் பெர்மிட் வேண்டுமா என்று கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் இல்லை.

சரி, உண்மைக்கு வருவோம். கொட்வின் லொறி லைசென்ஸ் எடுத்தது இந்த வருடம்தான், அதுவும் மூன்றாம் தடவையில். மன்னாரிலிருந்து வந்த நாள் தொட்டு அதுவரை பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். வெளியே நிற்பவர்கள் சின்னத் துவாரத்துக்குக் குனிந்து "பால்", "சிகரெட்" என்பார்கள். வேறெதுவும் பேசமாட்டார்கள். கல்யாணம் ஏன் கட்டவில்லை என்று கேட்டால், "பகல் முழுக்க நித்திரை கொள்ளுறவனை ஆர் கட்டுறது?" என்பார்.

மேரிசாந்தியின் வீட்டில் மேலறை அவருக்கு வாடகைக்கு. அந்த வீட்டு மகள் டிலக்சனா (இதை எழுதுகிறவளும் அவள்தான், அவளைப் பற்றிப் பள்ளிக்கூடம் என்ன நினைக்கிறது என்பது இங்கே தேவையில்லை) அவருடைய சீனிப் போத்தலில் உப்பைக் கொட்டுவாள், அலாரத்தில் சேவலைக் கூவ வைப்பாள். "எடி குரங்கே!" என்று மேலிருந்து சத்தம் வரும். அந்த வீட்டில் அவர் வாய்விட்டுக் கத்துவது அப்போது மட்டும்தான்.

லைசென்ஸ் வந்ததும் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்தன. இரண்டிலும் யூனியன் உண்டு. ஒன்று சூப்பர்மார்க்கெட் டெப்போ: பகல் ஓட்டம், பின்னேரம் வீடு. ஆனால் எந்த நாள் லீவு என்பதைப் பழைய ஆட்கள் முதலில் தெரிவுசெய்வார்கள் என்பது யூனியன் ஒப்பந்தம். மிஞ்சுவது புதியவனுக்கு, மிஞ்சுவது எப்போதும் ஞாயிறு வேலைதான். மற்றது தூர ஓட்டம்: திங்கள் புறப்பட்டு வெள்ளி திரும்ப வேண்டும், கிழமை முழுக்க லொறிக்குள்ளேயே படுக்கை. ஆனால் சனியும் ஞாயிறும் அவருடையவை.

ஞாயிறுதான் சிக்கல். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும், மன்றாட்டு வாசிப்பது கொட்வின். அவர் ஒரு வரி சொல்ல, கோயில் நிறைந்த சனம் ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். அவர் சொல்வதற்கு இவ்வளவு பேர் பதில் சொல்வது மாதத்தில் அந்த ஒருமுறைதான்.

டெப்போவின் யூனியன் ஆள் டெரி என்றொரு கிழவர். கொட்வின் அவருக்குப் போன் எடுத்து, பென்ஷனைப் பற்றிக் கேட்காமல், "சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பேர் ஒன்றாக இருந்து சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்து டெரி போனை வைத்துவிட்டார்.

வியாழன் பின்னேரம், மேரிசாந்தி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குக் கொட்வின் வந்தார்.

"அக்கா, நான் தூர ஓட்டத்துக்குத்தான் போகப்போறன். இனிக் கிழமை முழுக்க லொறிக்குள்ளை."

"தனியவோ?" என்றார் மேரிசாந்தி.

"இஞ்சை மட்டும் என்ன? தனிய இருக்கிறதுக்குச் சம்பளமும் தாறாங்கள் எண்டால் நல்லதுதானே."

மேரிசாந்தி சிரித்தார். "அதுவும் சரிதான். குளிர் பிடிக்காமல் பாத்துக்கொள்ளும்."

டிலக்சனா தன் பள்ளிக்கூடப் பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். கொட்வின் படிக்கட்டடியில் கொஞ்சம் நின்றார். போகவேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்றா நின்றீர்கள் என்று கேட்டால் இல்லை என்பார். பிறகு மேலே போய் ஒரு போர்வை, ஒரு கோப்பை, ஒரு கரண்டி என்று பையில் வைத்தார்.

மறுநாள் காலை தூர ஓட்டக் கம்பனியில் டாக்கோ காட்டைக் கேட்டார்கள். சாரதி எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று பதிவதற்கு லொறியில் செருகுகிற அட்டை அது. அது இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள். கொட்வின் கோட்டுப் பைக்குள் கைவிட்டு எடுத்து நீட்டினார். மேசையிலிருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அட்டையில் இரட்டைப் பின்னலோடு, கன்னத்தை உப்பிக்கொண்டு டிலக்சனா முழித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட அட்டை.

"இது நீங்களா?"

பதற்றத்தில் கொட்வின் ஆமென்றுவிட்டார். அந்தப் பெண் சிரிக்கக்கூட இல்லை. பின்னேரத்துக்குள் சரியான அட்டையோடு வரச் சொன்னாள்.

வெளியே லொறிகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குள் ஒரு சாரதி திரையைப் பாதி இழுத்துவிட்டு, மடியில் கிண்ணத்தை வைத்து நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொட்வினைக் கண்டு கையைத் தூக்கினான். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. நடுவில் கண்ணாடி. கொட்வினுக்குத் தன்னையறியாமலே தலை குனிந்தது, துவாரம் தேடுவதுபோல்.

அங்கேயே நின்று டெரிக்குப் போன் எடுத்தார். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு கிடைக்குமா என்று கேட்டார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"இதை முதலே கேட்டிருக்கலாமே" என்றார் டெரி. ஷிப்டை ஆளுக்காள் மாற்றிக்கொள்வது அங்கே வழமையாம். ஹம்சா என்றொரு சாரதி வெள்ளித் தொழுகைக்கு லீவு கிடைக்காமல் திரிகிறாராம். அவருடைய வெள்ளியைக் கொட்வின் ஓடினால், கொட்வினின் ஞாயிறை அவர் ஓடுவார். "ஆனால் நீதான் அவனோடு கதைக்கவேண்டும்."

பின்னேரம் வீட்டுக் குசினியில் டிலக்சனா புட்டும் வாழைப்பழமும் பிசைந்துகொண்டிருந்தாள். கொட்வின் அவளுடைய அட்டையைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா, உன்ரை மூஞ்சை. என்ரை காட் எங்கை?"

அவள் சீனிப் போத்தலைத் திறந்து அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "வேலை போச்சுதோ மாமா?"

"அது போச்சுது. திங்கள் டெப்போவுக்குப் போறன். பின்னேரம் பின்னேரம் இஞ்சைதான்."

"ஐயோ, தரித்திரம்" என்றாள் டிலக்சனா. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, அவரிடமே வாசிக்கக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"நிலாவுக்கு ரிவேர்சிலை போனதெல்லாம் எழுதியிருக்கிறாய். தண்ணி குடிக்கிற சாட்டிலை திரும்பி நிண்டு கண்ணைத் துடைச்சியே, அது எங்கை?"

"அது வெங்காயம், மாமா."

"புட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் எதுக்கடி வெங்காயம்?"