நாலு கை ஐஸ் தூரம்

"ரெண்டே மணி நேரம், மாமா. கண்ண மூடித் திறந்தா மும்பை" என்றார் மாப்பிள்ளை போனில். விமான நிலைய வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறவருக்கு அது சரி. நாங்கள் இருப்பது சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரில்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் மும்பையிலேயே ஆகிவிட்டது. பத்து நாளாகியும் பால் சரியாக ஊறவில்லை, குழந்தை பசியில் கத்துகிறது என்று அழுதாள். எங்கள் கடற்கரையில் இதற்குப் பால் சுறாதான் மருந்து. அவித்து, உதிர்த்து, புட்டு செய்து கொடுப்போம். மும்பையிலும் கடல் இருக்கிறது. ஆனால் அந்த மீன் எத்தனை நாள் பழசோ, யார் கண்டது?

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைக்கிறேன். எனக்குத் தூரம் கிலோமீட்டரில் புரியாது, ஐஸில் புரியும். ரெண்டு மணி நேரத்துக்கு நாலு கை ஐஸ் தாராளம். ஆனால் விமானம் தாமதமானால்? இறங்க விடாமல் மேலேயே சுற்ற வைத்தால்? தெர்மாகோல் பெட்டி பிதுங்கப் பிதுங்கக் கொட்டினேன்.

"மீனுக்கு ஐஸ் போட்டியா, ஐஸுக்கு மீனு போட்டியா?" என்றாள் மனைவி. வாங்கிவந்த ரெண்டு சுறாவில் ஒன்றை அவளே புட்டாக்கி டப்பாவில் அடைத்தாள்.

"கெட்டுப்பூடும்டி."

"உன் பயந்தான்யா என்னிக்கும் கெடாது."

மதியம் ரெண்டு மணி விமானத்துக்குக் காலை ஒன்பதுக்கே டாக்சி ஏறினோம். "இன்னா நைனா, மும்பைக்கு நடந்தே போறியா?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நின்றன. ஓட்டுநர்கள் இறங்கிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே லாரியின் பின்பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தேன். 'ஒலி எழுப்பவும்' என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

வானத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம். மண்ணில் முப்பது கிலோமீட்டருக்கு மூன்றரை. குப்பை, சாம்பல், கன்டெய்னர் எல்லாவற்றையும் மறக்காமல் எங்கள் பக்கம் வைத்தவர்கள், விமானத்தை மட்டும் கவனமாக அந்தக் கோடியில் வைத்திருக்கிறார்கள்.

கவுன்டரில் பெட்டி சொட்டியது.

"லீக் ஆகுது சார், ஏத்த முடியாது" என்றாள் அங்கிருந்த பெண்.

"வெறும் ஐஸ் தண்ணிம்மா. சுறா செத்துத்தான் கீது, கடிக்காது."

அவள் சிரிக்கவில்லை. அளவாகப் போட்டிருந்தால் அதற்குள் கரைந்திருக்கும், மீனும் நாறியிருக்கும். அள்ளிப் போட்டதால் சொட்டியது. எப்படிப் பார்த்தாலும் சுறாவுக்கு மும்பை இல்லை. தரையைத் துடைக்க வந்த அம்மாவுக்குக் கொடுங்கையூராம். "குடுண்ணே, நம்ப ஏரியா மீனு" என்று பெட்டியோடு வாங்கிக்கொண்டார்.

விமானத்தில் புட்டு டப்பா என் மடியில். கெட்டுவிட்டதா என்று பத்து நிமிஷத்துக்கொரு முறை திறந்து மோந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மும்பை வரை கைக்குட்டையை எடுக்கவேயில்லை மூக்கிலிருந்து.

கெடவில்லை. மகள் கட்டிலில் உட்கார்ந்தபடியே டப்பாவிலிருந்து அள்ளி அள்ளித் தின்றாள்.

"ரெண்டு மணி நேரம்தானே மாமா, ஏன் இப்படி வாடிட்டீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"மேல நல்லாத்தான் இருந்தேன், மாப்ள. அதுக்கு முன்னால எங்க ரோடு கீது."

மகள் டப்பாவின் அடியை விரலால் வழித்தாள். "இன்னும் கீதா, அம்மா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இருந்திச்சு கண்ணு" என்றாள் மனைவி. "உங்கப்பன் பத்திரமாத்தான் எடுத்தாந்தாரு. ஏர்போர்ட்டு வரைக்கும்."