யானையைக் காட்ட மகளை எழுப்பினேன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். அரையாண்டுப் பரீட்சை லீவு. நான், என் மனைவி, ஏழு வயது மகள் மூவரும் நானே செய்த வேனில் வால்பாறைக்குப் போயிருந்தோம். 'நானே செய்த' என்று சொல்லும்போது அன்றைக்கு எனக்கிருந்த திமிரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது.

எனக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. மோட்டார் பம்புகளுக்கான வேலை. நான் இறுக்கிக் கொடுத்த பம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருமுறை ஊட்டிக்குப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டுத் தம்பதியின் வேனில் வாட்டர் பம்ப் பழுதாகி, யாரோ என் பட்டறைக்குக் கை காட்டிவிட்டார்கள். மூன்று நாள் அந்த வேன் என் ஷெட்டில் நின்றது. அதன் கூரையைக் கையால் தள்ளினால் மேலே எழும்பும். சுற்றிலும் கேன்வாஸ் துணி விரிந்து சுவராகிவிடும். அந்த உயரத்தில் ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை. எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. டேப்பை எடுத்து அங்குலம் அங்குலமாக அளந்து நோட்டில் வரைந்துகொண்டேன்.

ஒரே ஒரு குறைதான் என் கண்ணில் பட்டது. கேன்வாஸில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வலை வைத்த ஓட்டை இருந்தது. கீழே தரையோரமும் விரல் நுழையும் அளவு இடைவெளி. இவ்வளவு அழகாகச் செய்தவன் கடைசியில் இப்படிக் கோட்டை விட்டுவிட்டானே என்று அந்த முகம் தெரியாத ஆளுக்காகப் பரிதாபப்பட்டேன்.

பழைய வேன் ஒன்றை வாங்கி ஆறு மாதம் அதிலேயே கிடந்தேன். எல்லா ஓட்டையையும் அடைத்தேன். ஜன்னல் கண்ணாடிகளைத் திறக்கவே முடியாதபடி பம்பு ரப்பர் போட்டு இறுக்கினேன். கேன்வாஸை இரட்டைத் துணியாகத் தைத்து நடுவில் ரப்பர் ஷீட் கொடுத்தேன். வேலை முடிந்ததும் சாம்பிராணி போட்டு வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு இழை புகை வெளியே வரவில்லை. என் மனைவி மட்டும், "ஏனுங்க, நீங்க வேன் செஞ்சிருக்கீங்களா, பம்பு செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் மகள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா, ஆனை வருமா?" வரும் கண்ணு, வரும் கண்ணு என்று சொல்லியே நாற்பது வளைவும் தீர்ந்தது. அன்று ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் ஒரு எஸ்டேட் ஓரம் வேனை நிறுத்த அங்கிருந்த வாட்ச்மேனிடம் அனுமதி கேட்டேன். அவர் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிறுத்திக்குங்க. ஆனா ஆனை வந்துச்சுன்னா கதவத் தெறந்துபோடாதீங்க. சத்தமும் கூடாதுங்க. அது பாட்டுக்குப் போயிரும்" என்றார்.

சென்னிமலை பெட்ஷீட் ஆளுக்கு இரண்டு எடுத்துப் போயிருந்தோம். அந்தக் குளிருக்கு அது எந்த மூலைக்கும் காணவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மேல்படுக்கையில் மகளின் பல் தந்தியடிப்பது கீழே எங்களுக்குக் கேட்டது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வாடைக்கு அவளுக்கு வாந்தி வரும் என்று சமையலுக்குக் குமுட்டி அடுப்பும் அடுப்புக்கரியும்தான் கொண்டுபோயிருந்தோம். வெளியே வைத்துப் பற்றவைத்து, கரி நன்றாகக் கனிந்து புகை அடங்கியதும் அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். புகை இல்லையே, அப்புறம் என்ன பயம் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் வேன் கதகதவென்று ஆகிவிட்டது. மகள் நடுக்கம் நின்று தூங்கினாள். மனைவியும் கண்ணயர்ந்தாள். எனக்கு லேசாகத் தலை வலித்தது. காப்பி குடிக்காத வலி என்று நினைத்துக்கொண்டேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு சுருண்டு படுத்தேன்.

விடிந்திருக்கும் என்று தோன்றிக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தேன். வெளியே சாம்பலாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தேன். அந்தச் சாம்பலில் சுருக்கங்கள் இருந்தன. பிறகு அது அசைந்தது. ஒரு யானையின் விலாப்பக்கம் என் ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அது ஓரடி நகர்ந்ததும் பின்னால் பனி தெரிந்தது. பனிக்குள் இன்னொரு யானை, அதன் காலுக்கடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டி. தேயிலைச் செடிகள்மேல் பால் ஊற்றியதுபோல் பனி. அத்தனை பெரிய உடம்புகள் அதில் நடக்கின்றன, ஒரு சத்தமில்லை. தாய் யானை விட்ட மூச்சு மட்டும் வெள்ளையாக எழுந்து பனியோடு கலந்தது. கோயிலில் தீபாராதனை நேரத்தில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. நான் எவ்வளவு சின்னவன் என்று அந்த ஜன்னலோரம்தான் முதல்முதலாகத் தெரிந்தது.

மகள் பார்க்க வேண்டுமே. மேலே கையை நீட்டி அவள் காலைத் தட்டினேன். "கண்ணு, எந்திரி. ஆனை வந்திருக்குது பாரு" என்று கிசுகிசுத்தேன். அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை துணிப் பொம்மை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. அவளைத் தூக்க எழுந்தேன். எழுந்த எனக்கும் தலை சுற்றியது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பக்கம் கிணற்றுக்குள் ஆயில் எஞ்சின் இறக்கி ஓட்டுவார்கள். எஞ்சின் ஓடி நின்ற கிணற்றில் உடனே இறங்காதீர்கள், புகை தெரியாவிட்டாலும் விஷக்காற்று ஆளை அடித்துவிடும் என்று எத்தனை விவசாயிகளுக்குச் சொல்லியிருப்பேன். அப்படி இறங்கிய இரண்டு பேரைத் தூக்கி வெளியே கிடத்தியதையும் பார்த்திருக்கிறேன். அவர்களும் தூங்குவது போலத்தான் கிடந்தார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் ஒரு கிணற்றைச் செய்து அதற்குள் என் குழந்தையைப் படுக்க வைத்திருந்தேன்.

மனைவியை அடித்து எழுப்பி, கரிக்காற்று என்று அடுப்பைக் காட்டினேன். தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் மகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். சோற்றுக் குண்டாவைச் சத்தமில்லாமல் அடுப்பின் மேல் கவிழ்த்தாள். வேனின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளினால் தகரம் உருளும் சத்தம் ஊரைக் கூட்டும். அந்தக் கதவுக்கு நேரே குட்டி நின்றது. முன்பக்கம் இன்னொரு யானை. வாட்ச்மேன் சொன்னது காதில் ஒலித்தது. கதவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அந்தத் துணியக் கிழிங்க" என்றாள்.

டூல்பாக்ஸிலிருந்து பட்டறைக் கத்தியை எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் என் கை ஒரு நொடி தயங்கியது. ஆறு மாத உழைப்பு. அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "என்ற புள்ளைக்கு மூச்சு வேணுமுங்க. நீங்க கிழிக்கறீங்களா, நான் கதவத் தெறக்கட்டுங்களா?" என்றாள், தாழ்ந்த குரலில்.

கிழித்தேன். லேசில் கிழியவில்லை. கையில் பலமில்லை, நான் போட்ட ரப்பர் கத்தியைப் பிடித்துக்கொண்டது. நாலாவது இழுப்பில்தான் ஒரு முழ நீளம் திறந்தது. ஊசி மாதிரி குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. மகளைத் தூக்கி அவள் முகத்தை அந்தக் கிழிசலில் வைத்துப் பிடித்தேன். வெளியே தாய் யானையின் காதுகள் இரண்டும் விரிந்தன.

அது எங்களை நோக்கித் திரும்பியது. இரண்டே எட்டு. துதிக்கை மேலே எழுந்து கிழிசலுக்கு வந்தது. அதன் ஈர நுனி என் மகளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் காற்றிலிருந்து அவளை எடுக்க வேண்டும். மனைவி என் சட்டையைப் பிடித்த பிடியில் முதுகுப்பக்கம் கிழிந்ததைப் பிறகுதான் பார்த்தேன். துதிக்கை உள்ளிருந்து வந்த வெக்கையை மோந்தது, மகளின் நெற்றியை மோந்தது. பிறகு புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அந்தச் சூட்டில் மகளின் முன்தலை முடி பறந்தது. அப்படியே நின்றது. எவ்வளவு நேரமென்று தெரியாது, அரை நிமிடம்கூட இருக்காது.

மகள் இருமினாள். இன்னொரு தடவை இருமி, என் கைமேலேயே வாந்தி எடுத்தாள். அழுதாள். அந்த அழுகையைப்போல ஒரு இனிமையை நான் கேட்டதில்லை. துதிக்கை மெதுவாக இறங்கியது. தாய் குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்க, மற்றதும் பின்னால் போனது. பனி மூடிக்கொண்டது.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்த நர்ஸ் என்னைக் காய்ச்சி எடுத்தார். "குளிருக்குக் கரியப் போட்டுக் கதவச் சாத்திப் படுத்தா எந்திரிக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு யாருமே சொன்னதில்லைங்களா?" என்று கேட்டார். நான்தான் ஊருக்கே சொல்கிறவன் என்று எப்படிச் சொல்வேன். அந்த வெளிநாட்டு வேனின் ஓட்டைகள் எதற்கென்று ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதைச் செய்தவனுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்தேனே, எனக்குத்தான் தெரியவில்லை.

யானை மோப்பம் பிடிக்க வந்தது, குழந்தையை எழுப்பியது குளிர்காற்றுதான் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். மகளுக்கோ அன்றைக்கு நடந்தது எதுவுமே நினைவில்லை. ஆனை பார்க்காமலே திரும்பிவிட்டோம் என்றுதான் வெகுநாள் குறைபட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில் அசந்து தூங்குவாள். இந்த வயதிலும் நான் அறை வாசலில் நின்று அவள் மூச்சு சீராக வருவதைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். அன்று அந்தப் பனிக்குள் நாங்கள் மட்டும் அவள் மூச்சுக்காகக் காத்திருக்கவில்லை, இன்னொரு தாயும் எங்களோடு காத்து நின்றாள் என்றே எனக்கு இன்னும் தோன்றுகிறது.